மாப்பிள்ளையை வரம்புக்குள் சேர்த்த வரலாறு

சுருளிவேலுக்கு ஐம்பத்தாறு வயதாகிறது. இவ்வளவு காலத்தில் அவர் யாரிடமும் "வேண்டாம்" என்று சொன்னதாகச் சான்று இல்லை. டீக்கடையில் மூன்றாவது டம்ளரை நீட்டினாலும் வாங்கிக் குடித்துவிடுவார். ஆயுள் காப்பீட்டு முகவர்கள் எழுவர் அவரை ஆளுக்கொரு பாலிசியால் காப்பாற்றி வருகிறார்கள். ஒன்றையொன்று கண்டால் முகம் திருப்பிக்கொள்ளும் மூன்று திருவிழாக் கமிட்டிகளிலும் அவரே கௌரவப் பொருளாளர். மகள் திருமணத்தின்போது, எந்தச் சொந்தக்காரரின் பெயரும் விடுபடக் கூடாது என்று அவர் அச்சிட்ட அழைப்பிதழ் புத்தகமாகவே ஆகிவிட்டது. அச்சகத்தார் அதற்குத் தையல் போட நேர்ந்தது.

பிறந்த ஊர் சிலமலை. தந்தையார் வீரையா மக்காச்சோளம் பயிரிட்டவர். மகன் உழவை விட்டு மலையேறி, ஏலத்தோட்டமொன்றில் எடை போடும் வேலையில் சேர்ந்தார். அங்கே காயைப் பார்த்துப் பழகிய பின் போடிக்கு இறங்கி, தேவாரம் சாலையில் ஒரு மாடிக் கட்டடத்தை வாடகைக்குப் பிடித்தார். சுருளி ஏலக்காய் நிலையம் அப்படித்தான் தோன்றியது. கீழ்த்தளத்தில் காயைச் சுத்தம் செய்யும் இயந்திரமும் பருமன் வாரியாகப் பிரிக்கும் சல்லடைகளும் இருந்தன. மேல்தளத்தில் முப்பத்து நான்கு பெண்கள் அமர்ந்து, நிறம் கெட்டதும் வெடித்ததும் நீக்கி, காயைக் கையால் பொறுக்குவார்கள். அவர்களுக்குத் தலைவி மாயக்காள். அதற்கு மேலே மொட்டை மாடி. போடிமெட்டுக்குச் சற்றுக் கீழே, மலைச்சரிவில், பச்சைக் காயை உலர்த்தும் ஸ்டோர் ஒன்றும் குத்தகையில் இருந்தது. அங்கிருந்து மூட்டைகளை இறக்கி வருவது மொக்கையனின் ஜீப். மொக்கையன், சுருளிவேலின் தங்கை சந்திரவல்லியின் கணவர். ஜீப் அவருக்குச் சொந்தம். வாய் அதைவிடச் சொந்தம்.

இவ்வாறு ஒழுங்காக நடந்துவந்த நிறுவனத்துக்கு ஜெர்மனியிலிருந்து ஒரு மிட்டாய்க் கம்பெனியின் கேட்பு வந்தது. ஆண்டு முழுவதும் காய் வாங்கிக்கொள்வதாகச் சொன்னார்கள். மலையில் காய்ப்பு ஓய்ந்த மாதங்களில் மேல்தளத்துப் பெண்களை வீட்டுக்கு அனுப்ப வேண்டியிருப்பது சுருளிவேலுக்கு நெடுநாளைய வேதனை. இந்தக் கேட்பு கைகூடினால் கையிருப்புக் காயை வைத்து அந்த மாதங்களிலும் வேலை தரலாம். நிபந்தனை ஒன்றே: நிறுவனத்துக்குத் தர மேலாண்மைக்கான ஐ.எஸ்.ஓ. சான்றிதழ் வேண்டும்.

வழிகாட்ட மதுரையிலிருந்து சூர்யபிரகாஷ் என்ற இளம் ஆலோசகர் வந்தார். கழுத்தில் டை கட்டியவர். போடி வெயில் அதை முதல் நாளே கழற்ற வைத்தது.

"அண்ணே, மொத சோலி ஸ்கோப்பு எழுதுறது," என்றார் அவர்.

"அப்டின்னா?"

"இந்தத் தர முறை எதுக்கெல்லாம் பொருந்தும், எந்த எடத்துக்கு, எந்தச் சரக்குக்கு, எந்த வேலைக்குன்னு ஒரே வாக்கியத்துல சொல்லணும். அதுதான் சான்றிதழ்ல அச்சாகி வரும். கோடு கிழிக்கிற மாதிரிண்ணே. இது உள்ள, இது வெளிய."

வெளிய என்ற சொல்லைக் கேட்டதும் சுருளிவேலின் முகம் வாடியது. "வெளியன்னு யாரத் தம்பி சொல்றது?" என்று கேட்டார். ஒருநாள் அவகாசம் வாங்கிக்கொண்டு, வீட்டில் உட்கார்ந்து தாமே எழுதினார். மறுநாள் அவர் நீட்டிய செயல்வரம்பு பின்வருமாறு தொடங்கியது:

'சிலமலை வீரையாவின் மூத்த மகன் சுருளிவேல் ஆகிய நான், என் தங்கை கணவர் திரு. மொக்கையன் அவர்கள் தம் சொந்த ஜீப்பில் மலையிலிருந்து பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்க, மாயக்காள் அவர்கள் தலைமையில் பெண்கள் பொறுக்கித் தர, வாசல் டீக்கடை ஜெகதீஷ் அவர்கள் வேளை தவறாமல் டீ வழங்க, கட்டட உரிமையாளர் நல்லாசியுடன்...'

வாக்கியம் மூன்றாம் பக்கத்தில் முடிந்தது. சூர்யபிரகாஷ் முழுவதையும் படித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அண்ணே, இது கல்யாணப் பத்திரிகை."

"யாரு பேரும் விட்ருக்கா தம்பி?"

"அதாண்ணே பிரச்சினை! உள்ள இருக்கறவங்களப் பூராம் ஆடிட்டர் வந்து கேள்வி கேப்பாங்க. டீக்கடைக்காரருக்குப் பயிற்சிப் பதிவு எங்கம்பாங்க. வேலையை எழுதணும்ணே, ஆள இல்ல. எவ்வளவு சின்னதா எழுதறமோ அவ்வளவு நிம்மதி."

பொருந்தாத விதிகளைக் காரணத்துடன் குறிப்பிடும் இடத்தில் இன்னொரு சிக்கல் எழுந்தது. பொருளை வடிவமைத்தல் பற்றிய விதி இந்த நிறுவனத்துக்குப் பொருந்தாது. காரணம் எழுத வேண்டும் என்றார் சூர்யபிரகாஷ்.

"காய வடிவமைக்கிறது செடிதான தம்பி," என்றார் சுருளிவேல்.

"ஆமாண்ணே. அதனால நமக்கு அது பொருந்தாது."

சுருளிவேல் சற்று யோசித்தார். "அப்ப செடிய விட்டுட்டமா?"

இறுதியில் சூர்யபிரகாஷ் எழுதியதே நின்றது: 'தேவாரம் சாலைக் கட்டடத்தில் ஏலக்காயைச் சுத்தம் செய்தல், தரம் பிரித்தல், பொதித்தல்.' ஒன்பதே சொற்களுக்குள் அடங்கிவிட்ட தம் வாழ்நாளைச் சுருளிவேல் ஏக்கத்துடன் பார்த்தார். ஊழியர் அனைவரும் அறிய வேண்டும் என்பதால் அது வாசல் சுவரில் ஒட்டப்பட்டது. மாயக்காள் அதை வாய்விட்டு வாசித்தாள். பொறுக்குவது தரம் பிரித்தலில் அடங்கும் என்று அறிந்து பெண்கள் மகிழ்ந்தார்கள். வாசலில் ஜீப்பை நிறுத்தியிருந்த மொக்கையனும் கேட்டார்.

"ஏ மாயக்கா, திரும்பப் படி. கொண்டாரதப் பத்தி ஒண்ணும் போடலயா?"

"போடலண்ணே. கட்டடத்துக்குள்ள நடக்கறது மட்டுந்தானாம்."

மொக்கையன் நேராக உள்ளே வந்தார். "மச்சான், நான் உள்ளயா வெளியவா?"

"மாப்ளே, நீ எப்பவும் உள்ளதான். பேப்பர்ல மட்டும்..."

"பேப்பர்ல?"

"வெளிய."

"சரி," என்றார் மொக்கையன். மேலும் ஒரு சொல்கூடப் பேசவில்லை. அவர் பேசாமல் போனது அதுவே முதல்முறை என்பதால் சுருளிவேலுக்கு அன்றிரவு சாப்பாடு இறங்கவில்லை.

சான்று வழங்கும் தணிக்கை இரண்டு கட்டமாக நடக்கும். முதல் வருகையில் செயல்வரம்பும் ஏற்பாடுகளும் சரியா என்று பார்ப்பார்கள். இரண்டாவது வருகையில் எல்லாவற்றையும் சோதிப்பார்கள். முதல் வருகைக்குக் கோயம்புத்தூரிலிருந்து சிவரஞ்சனி என்ற தணிக்கையாளர் ஆட்டோவில் வந்து இறங்கினார். இறங்குவதற்கு இடமில்லை. நிலையத்தின் கதவுக்கு வெளியே, நடுச்சாலை வரை, ஏலக்காய் மூட்டைகள் குவிந்து கிடந்தன. தேவாரம் பஸ் ஒன்று அவற்றைத் தாண்ட முடியாமல் ஹாரனை அமுக்கியபடி நின்றது. மேகம் வேறு மலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது. மொக்கையன் ஜீப்பின் முகப்பில் சாய்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்.

"மாப்ளே, உள்ள எறக்குப்பா, மழை வரப் போகுது," என்று சுருளிவேல் கைகூப்பினார்.

"நான் வெளி ஆளு மச்சான். எனக்கு வெளியதான் சோலி. கோட்டத் தாண்டி வந்தா ஐ.எஸ்.ஓ. கோவிச்சுக்கும்."

பஸ் ஓட்டுநர் தலையை நீட்டி, "யோவ், யாரு சரக்குய்யா இது?" என்று கத்தினார். சிவரஞ்சனியும் அதையே கேட்டார், சற்று மரியாதையாக.

"எங்க சரக்குதான் மேடம்," என்றார் சுருளிவேல். "ஆனா இன்னும் வரம்புக்குள்ள வரல."

"இங்க மழையில நனைஞ்சா, வாங்குறவங்களுக்கு யாருங்க பதில் சொல்லுவீங்க?"

"நான்தான்."

"அப்புறம் எப்படிங்க கொண்டு வர்றது வரம்புக்கு வெளிய இருக்கும்? வண்டி உங்களுதா இல்லாம இருக்கலாம். அதுல வர்ற சரக்கு உங்களுது. சரக்கோட தரத்தைக் கெடுக்கக்கூடிய எதையும் வசதிக்காக விட்டுட முடியாதுங்க."

சூர்யபிரகாஷ் குறுக்கிட முயன்றார். தூறல் விழுந்தது. மொக்கையன் வெற்றிலையைத் துப்பிவிட்டு, "கேட்டீங்களா மச்சான்? கோயம்புத்தூர்ல இருந்து வந்து சொல்ல வேண்டியிருக்கு!" என்றார். பிறகு, பஸ்ஸிலிருந்து நான்கு பேரைத் துணைக்கு அழைத்து, எல்லா மூட்டைகளையும் தாமே முன்னின்று உள்ளே சேர்த்தார். வரம்புக்குள் கால் வைத்த பெருமையுடன் ஒருமுறை கீழ்த்தளத்தைச் சுற்றி வந்தார். பின்னர் சந்தையில் வேலை இருப்பதாகச் சொல்லி ஜீப்பைக் கிளப்பிக்கொண்டு போனார்.

அவர் போனதும் சிவரஞ்சனி, வேலைகளின் வரிசையைக் காட்டும் படத்தைக் கேட்டு வாங்கினார். மூட்டை வருகிறது, சுத்தம் செய்யப்படுகிறது, சலிக்கப்படுகிறது, பொறுக்கப்படுகிறது. மூட்டை வருவதற்கும் சுத்தம் செய்வதற்கும் இடையே ஒரு கட்டத்தில் 'மொட்டை மாடியில் ஒருநாள் காற்றாடல்' என்று இருந்தது.

"ஸ்டோர்லயே காய் உலர்ந்துதானே வருது? இது எதுக்குங்க?"

சூர்யபிரகாஷ் முன்வந்தார். "ஈரப்பதம் ஒரே சீரா அமையறதுக்காக மேடம். இந்தப் பகுதியோட பாரம்பரிய முறை." அப்படி ஒரு பாரம்பரியம் இருப்பதாக அவர் உண்மையாகவே நம்பியிருந்தார், சுருளிவேல் சொன்னதைத்தான் அவர் எழுதினார். சுருளிவேல் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

சிவரஞ்சனி மாடிப்படி ஏறினார். அங்கே கோணிகளைப் பரப்பிக்கொண்டிருந்த மாயக்காளிடம், "இது எதுக்குங்கம்மா செய்யறீங்க?" என்று கேட்டார்.

"கருவாட்டு வாசம் போறதுக்கு மேடம்," என்றாள் மாயக்காள்.

மாயக்காள் தான் நிறுவனத்துக்கு நன்மை செய்வதாகவே எண்ணி விவரித்தாள். மொக்கையன் மலையேறும்போது தோட்டத் தொழிலாளர்களுக்கு விற்கக் கருவாடு ஏற்றிப் போவார். இறங்கும்போது அதே ஜீப்பில் ஏலக்காய் வரும். ஏலக்காய் எந்த வாசத்தையும் இழுத்துக்கொள்ளும். ஒருநாள் காற்றில் பரப்பினால் போய்விடும். "எங்க பிள்ளைக மூட்டையத் தொறந்த ஒடனே சொல்லிருவாளுக மேடம், அண்ணே இன்னிக்கு ஏத்துனது நெத்திலியா சாளையான்னு."

"இது முதலாளிக்குத் தெரியுமாங்க?"

"பரப்பச் சொன்னதே அவருதான?"

மூன்றாண்டுகளாகச் சுருளிவேலுக்கு அது தெரியும். மாப்பிள்ளையிடம் ஒரு சொல் சொல்வதற்குப் பதிலாக, மொட்டை மாடி முழுவதையும் அந்த வேலைக்கு ஒதுக்கி, இரண்டு ஆட்களையும் அதற்கென்றே அமர்த்தியிருந்தார் அவர்.

கீழே வந்து எல்லாரும் அமர்ந்தார்கள். "இன்னொரு நாள் கூடுதலாப் பரப்பலாம் மேடம்," என்றார் சூர்யபிரகாஷ் தளர்ந்த குரலில்.

"வாசத்தைப் போக்கறது வேறங்க. ஏன் வருதுன்னு பார்த்து நிறுத்தறது வேற," என்றார் சிவரஞ்சனி. அடுத்த வருகையில், கொண்டுவருதலும் மலை ஸ்டோரும் செயல்வரம்பில் இருக்க வேண்டும். அந்தக் காற்றாடல் இருக்கக் கூடாது. அவ்வாறு இல்லையெனில் சான்றுக்குப் பரிந்துரைக்க இயலாது. இவ்வளவையும் அவர் கடுமையின்றிச் சொன்னார். சுருளிவேலுக்கு டீ வந்தது. வாழ்வில் முதல்முறையாக அவர் அதைக் குடிக்க மறந்தார்.

மறுநாள் விடிந்ததும் சுருளிவேல் ஜீப்பின் முன்னிருக்கையில் ஏறி உட்கார்ந்தார். ஸ்டோரைப் பார்த்து நாளாயிற்று என்றார். பின்னால் இரண்டு கூடைக் கருவாடு மலைக்குப் புறப்பட்டிருந்தது. மலையடிவாரத்து முந்தல் கிராமம் தாண்டி ஏற்றம் தொடங்கியது. முதல் வளைவில் சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தார். அங்கே எதிரே லாரி வந்தது. அடுத்த வளைவில் மொக்கையன் தம் மகன் படிப்பைப் பற்றிப் பேசினார், இடைமறிப்பது முறையாகாது. அதற்கடுத்த வளைவில் குரங்குகள் நின்றன. இவ்வாறு ஒவ்வொரு வளைவும் ஒரு காரணத்துடன் கழிந்து, குளிர்காற்று முகத்தில் அடிக்கத் தொடங்கியும் சுருளிவேல் வாய் திறந்தபாடில்லை.

"என்ன மச்சான், வயிறு சரியில்லயா?" என்றார் மொக்கையன். "ஒரு மாதிரியா வர்றீங்க."

"மாப்ளே..."

"நிப்பாட்டவா?"

"நிப்பாட்டு."

ஜீப் ஓரங்கட்டி நின்றது. கீழே போடி நகரம் காலை மூட்டத்தில் கிடந்தது. சுருளிவேல் இறங்கினார், தோள் துண்டை எடுத்து உதறினார், மறுபடி போட்டுக்கொண்டார்.

"அந்த மேடம் வந்துச்சுல்ல. அது என்ன சொல்லுச்சுன்னா, வண்டியில..." என்று தொடங்கி, பாதியில் நிறுத்தினார். தலையை ஆட்டிக்கொண்டார். "இல்ல. மேடம் சொல்லல. நான் சொல்றேன். வண்டியில கருவாடு வேண்டாம் மாப்ளே. காயில வாசம் ஏறுது."

மொக்கையன் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "எத்தன நாளா?"

"மூணு வருசமா."

"யாருக்கெல்லாம் தெரியும்?"

"மாயக்காளுக்கு. பொறுக்குற பிள்ளைகளுக்கு. மாடியில பரப்புற ரெண்டு பேருக்கு."

"ஜெகதீசுக்கு?"

"டீக் கொண்டு வருவான்ல, அவனுக்கும்..."

"டீக்கடைக்காரனுக்குத் தெரியும்! எனக்குத் தெரியாது!" மொக்கையனின் குரல் சரிவில் மோதித் திரும்பியது. "சின்ன வயசுல இருந்து கருவாட்டோட கெடக்கேன், என் மூக்குக்குத் தெரியல. ஒங்க வாய்க்கு என்ன மச்சான் கேடு? ஊருல ஒருத்தன விடாம எல்லாத்துலயும் சேத்துக்குவீங்க. இதுல மட்டும் என்னை விட்டுட்டீங்க. அம்புட்டுப் பொம்பளைகளும் மூட்டைய மோந்து பாத்துச் சிரிச்சிருக்காளுக. நான் பெரிய இவனாட்டம் மூட்டைய எறக்கிப் போட்டு மீசைய முறுக்கிட்டு நின்னுருக்கேன்!"

மாப்பிள்ளையின் மனம் கோணக் கூடாது என்று செய்த அத்தனை ஏற்பாடும், மாப்பிள்ளையை மட்டும் வெளியே நிறுத்திய ஏற்பாடாக முடிந்திருந்தது. அதை அவர் அந்த வளைவில்தான் உணர்ந்தார்.

"தப்புத்தான் மாப்ளே."

"இன்னிக்கு மட்டும் என்னத்துக்குச் சொன்னீங்க?"

"சொல்லலேன்னா அந்த ஆர்டர் போயிரும். காய்ப்பு இல்லாத மாசம் அம்புட்டுப் பேரும் வீட்டுல ஒக்காரணும். ஒன் வண்டிக்கும் லோடு இருக்காது."

மொக்கையன் ஜீப்பின் சக்கரத்தை ஓர் உதை உதைத்தார். பிறகு கூடைகளைப் பார்த்தார். "மேல ஆளுக காத்துக் கெடப்பாக. அதுகளுக்கு நான் என்ன பதில் சொல்ல?"

சுருளிவேல் இதற்கு மட்டும் ஆயத்தமாக வந்திருந்தார். வாரந்தோறும் காய்கறி ஏற்றி மலைக்குப் போகும் வேன்காரரிடம் பேசியிருந்தார். கூடைகளை அவர் எடுத்துச் செல்வார், விற்பனை மொக்கையனுடையதே.

"உருளைக்கிழங்குல வாசம் ஏறாதா?"

"உருளைக்கிழங்குக்கு ஐ.எஸ்.ஓ. கெடையாது மாப்ளே."

மொக்கையனுக்குச் சிரிப்பு வந்தது. அதை அடக்க முயன்று தோற்றார். ஜீப்பில் ஏறி உட்கார்ந்தபின் திரும்பி, "இனிமே எதுன்னாலும் மூஞ்சிக்கு நேரச் சொல்லணும். சொல்லலேன்னா நடுரோட்டுலதான் எறக்குவேன்," என்றார்.

அந்த வாரமே ஜீப்பின் பின்புறம் சோப்பு நீரால் பலமுறை கழுவப்பட்டது. தரைத் தகடும் படுதாவும் மாற்றப்பட்டன. வாசம் போயிற்றா என்று அறிய மாயக்காளும் இரண்டு பெண்களும் வண்டிக்குள் ஏறி மோந்து பார்த்தார்கள். முதல்முறை, "சாளை கொஞ்சம் இருக்குண்ணே," என்றார்கள். மொக்கையன் மறுபடி கழுவினார். அடுத்தமுறை அவர்கள் உதட்டைப் பிதுக்கி, ஒன்றும் இல்லை என்று ஒப்புக்கொண்டார்கள். சூர்யபிரகாஷ் செயல்வரம்பைத் திருத்தி எழுதினார்: 'போடிமெட்டுச் சரிவிலுள்ள ஸ்டோரில் ஏலக்காயை உலர்த்துதல், அங்கிருந்து கொண்டுவருதல், தேவாரம் சாலைக் கட்டடத்தில் சுத்தம் செய்தல், தரம் பிரித்தல், பொதித்தல்.' இது ஒட்டப்பட்ட அன்று, டீக்கடை ஜெகதீஷ் வந்து தம் கடையைச் சேர்க்க வழியுண்டா என்று கேட்டார். சுருளிவேல் தோள் துண்டை இறுகப் பிடித்துக்கொண்டு, "வேண்டாம்ப்பா," என்றார். ஜெகதீஷ் வேறொன்றும் கேட்காமல் காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஒன்றுமே நிகழாதது கண்டு சுருளிவேல் வியந்து நின்றார்.

இரண்டாவது தணிக்கைக்குச் சிவரஞ்சனி வந்தபோது சாலை காலியாக இருந்தது. மொக்கையன் புதுச் சட்டை அணிந்து, கேள்வி கேட்கப்படும் முதல் ஆளாகத் தாமே முன்வந்து நின்றார்.

"இந்த நிறுவனத்தோட தரக் கொள்கை என்னங்க?"

சூர்யபிரகாஷ் அதை அவருக்கு மனப்பாடம் செய்வித்திருந்தார். மொக்கையன் தொண்டையைச் செருமினார்.

"ரெண்டு மேடம். வண்டியில கருவாடு ஏத்தக் கூடாது. எங்க மச்சான் எதையும் ஒளிக்காமச் சொல்லணும்."

சூர்யபிரகாஷ் கண்களை மூடிக்கொண்டார். அச்சிட்ட கொள்கையில் இவை இரண்டும் இல்லை. சிவரஞ்சனி அதைச் சுட்டிக்காட்டவில்லை. "இதை மீறினா என்ன ஆகும்னு தெரியுமாங்க?" என்று மட்டும் கேட்டார்.

"ஜெர்மனிக்காரன் மிட்டாயில சாளை வாசம் வரும்."

சிவரஞ்சனி ஏதோ எழுதிக்கொண்டார். அது நல்லதா கெட்டதா என்று அறியாமல் சுருளிவேல் துண்டை முறுக்கிக்கொண்டிருந்தார். பிறகு சிவரஞ்சனி மொட்டை மாடிக்குப் போனார். அங்கே கோணி ஒன்றும் இல்லை. பெண்களின் சேலைகள் காய்ந்தன. கீழே வந்து, அப்போதுதான் ஜீப்பிலிருந்து இறங்கிய மூட்டைகளுள் தாமே ஒன்றைத் தேர்ந்து, வாய்க்கட்டை அவிழ்க்கச் சொன்னார். முப்பத்து நான்கு பெண்களும் மாடிப்படியில் கழுத்தை நீட்டி நின்றார்கள். சிவரஞ்சனி குனிந்து, ஒரு பிடி காயை அள்ளி, நிதானமாக முகர்ந்தார்.

"ஏலக்காய் வாசந்தாங்க வருது," என்றார். "பரிந்துரை செய்யறேன்."

படிக்கட்டில் ஆரவாரம் எழுந்தது. சுருளிவேல் அருகிலிருந்த மூட்டைமேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். மொக்கையனுக்கு மட்டும் அந்தச் சொல் பிடிக்கவில்லை. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அவர் கேட்டார்:

"எங்க வண்டியில வந்த மூட்டை மேடம். ஏலக்காய் வாசம் வராம வேற என்ன வாசம் வரும்?"